நகராத சோப்பு

சோப்புத் தண்ணீர் நடக்கும் என்று சொன்னால் சிரிக்காதீர்கள், கண்ணுகளா. பெரியநாயகி அதைப் பதினெட்டு வருடம் கண்ணால் பார்த்தவள்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் சிறு கம்பெனிகள் பல. அவற்றில் ஒன்று இராஜமாணிக்கத்துடையது. கடைக்கு வரும் பொம்மையை மட்டும் பார்த்தவர்களுக்கு அது எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்திருக்காது. முதலில் சிற்பி ஒருவர் பிளாஸ்டரில் ஒரே ஒரு உருவம் செய்து கொடுப்பார். அதற்கு மாஸ்டர் என்று பெயர். மாஸ்டரைச் சுற்றிப் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றினால், அது இறுகி மோல்டு ஆகும். மோல்டுக்குள் களிமண் குழம்பை ஊற்றி எடுத்தால் பொம்மை. ஒரு மாஸ்டரிலிருந்து ஐம்பது மோல்டு, ஒரு மோல்டிலிருந்து நூறு பொம்மை என்று கிளை பிரிந்து போகும் வம்சம் அது.

ஆனால் பிளாஸ்டர் மேல் பிளாஸ்டரை ஊற்றினால் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிடும். நடுவில் ஏதாவது நிற்க வேண்டும். அங்கே நிற்பதுதான் சோப்பு. கெட்டியான சோப்பை வெந்நீரில் கரைத்து, பிரஷ்ஷால் மாஸ்டர் மேல் பூசி, ஸ்பாஞ்சால் துடைத்து, மறுபடி பூசி, மறுபடி துடைத்து, மூன்றாவது முறையும் பூச வேண்டும். துளி அதிகமாக நின்றால் பொம்மையின் கண் மூடிப்போகும். துளி குறைந்தால் மூக்கு பெயர்ந்து மோல்டோடு போய்விடும். அந்த வேலைதான் பெரியநாயகியுடையது. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, எட்டரைக்கு சோப்பு டிரம் முன்னால் உட்காருவாள்.

பிரஷ்ஷை எடுத்த பிறகு சோப்பு சும்மா இருப்பதில்லை. மேலிருந்து ஒரு மெல்லிய தோல் வழுக்கிக்கொண்டு இறங்கும். நெற்றியில் கொஞ்சம் நிற்கும், கன்னத்தில் விரையும், உதட்டு மடிப்பில் தயங்கும். எங்கே நிற்கிறதோ அங்கே கெடும் என்று பெரியநாயகிக்குத் தெரியும். அது எங்கேயும் நிற்காமல், எங்கேயும் ஓடாமல், ஒரே மாதிரி நடந்து போய்க் காய்ந்தால், மறுநாள் மோல்டு பிரிக்கும் ஆள் பழமலை மரச் சுத்தியால் ஒரு தட்டு தட்டும்போது மோல்டு பலாச்சுளையிலிருந்து கொட்டை கழன்று வருவது போல வந்துவிடும்.

அவள் பூசியவை அப்படித்தான் வந்தன. மற்ற கம்பெனிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். "பெரியநாயகி கை" என்பார் இராஜமாணிக்கம். கை மட்டும் இல்லை என்பது பெரியநாயகிக்கும், பக்கத்தில் உட்கார்ந்து மோல்டு ஓரம் சீவும் வாசுகிக்கும் மட்டும் தெரியும்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு சித்திரை வெயிலில் குழாயில் தண்ணீர் நின்றுபோன நாள். சோப்பு களியாக இறுகிக் கிடந்தது. வேறு வழி தெரியாமல் பெரியநாயகி தன் தூக்குச் சட்டியைத் திறந்து, பழைய சோற்றின் நீராகாரத்தைத் துணியில் வடிகட்டி ஊற்றிக் கலக்கிவிட்டாள். அன்று பூசிய அத்தனையும் ஒரு கீறல் இல்லாமல் கழன்றன. அடுத்த நாள் குழாயில் தண்ணீர் வந்தது. ஆனாலும் ஊற்றினாள். ஒரு நாள் புளித்த தண்ணீரைவிட மூன்று நாள் புளித்தது நன்றாக நடந்தது. அதையும் கண்டுகொண்டாள். அதற்கென்றே வீட்டில் தனிச் சட்டி வைத்தாள்.

"சோப்புக்குச் சோறு ஊட்டிட்டியாக்கா?" என்பாள் வாசுகி தினமும்.

"ஊட்டிட்டேன். ஏப்பம் வுடும், கேளு."

"மொதலாளி பாத்தாருன்னா உனக்கு ஊட்டுவாரு."

அதில் விளையாட்டு பாதிதான். எப்போதோ ஒருவன் மண்ணெண்ணெய் டின்னை டிரம்மில் கழுவிவிட, ஒரு சூளை முழுக்கப் புள்ளி விழுந்து போயிற்று. அன்றிலிருந்து இராஜமாணிக்கம் டிரம்முக்கு மேலே சுவரில் எழுதி வைத்திருந்தார்: சோப்பு, தண்ணீர் தவிர வேறு எதுவும் கலக்கக் கூடாது. பெரியநாயகி அந்த எழுத்துக்குக் கீழேதான் தினமும் சட்டியைச் சாய்த்தாள். சொல்லிவிடலாம் என்று நினைத்த நாள் உண்டு. எச்சில் சோற்றுத் தண்ணியா என்று கேட்டுவிட்டால்? சொல்லவில்லை.

போன ஆடியில் ஒரு பெரிய வேலை வந்தது. கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள். நாகப்பட்டினத்து வியாபாரி ஒருவர் பதினொரு மாஸ்டர்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மாதா, சூசையப்பர், மூன்று ராஜாக்கள், இடையர்கள், ஆடு, மாடு. செய்த சிற்பி இறந்துவிட்டார், வேறு பிரதி கிடையாது என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்.

இராஜமாணிக்கம் பெரியநாயகியைக் கூப்பிட்டார். "இந்தா பாரு பெரியநாயகி. இது நல்லபடியா முடிஞ்சா மோல்டு ஷெட்டத் தனியா பிரிக்கிறேன். நீதான் மேஸ்திரி. எந்த மோல்டு நல்லது, எது கழிவுன்னு நீ சொல்றதுதான்."

மேஸ்திரி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்தத் தெருவில் எந்தக் கம்பெனியிலும் பெண் மேஸ்திரி இல்லை. பதினெட்டு வருடமாக அவளை "ஏ சோப்பு" என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பூசியதை நல்லது என்றோ கெட்டது என்றோ வேறு யாராவதுதான் சொன்னார்கள். இனி அவள் சொல்வாள், அவர்கள் கேட்பார்கள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்த ஒரு வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டே போனாள்.

அப்போதுதான் பிரேம்நாத் வந்து சேர்ந்தான். இராஜமாணிக்கத்தின் அக்கா மகன். சென்னையில் கெமிஸ்ட்ரி படித்தவன். எதிலும் நிலைக்காமல் மாமாவின் கம்பெனிக்கு வந்தவன். வந்த முதல் வாரமே ஒரு வெள்ளைப் பொடி மூட்டையைக் கொண்டுவந்தான்.

"பாலிமர் மாமா. பசை மாதிரி. சோப்புல போட்டா வழியாது, பூசின எடத்துல அப்படியே நிக்கும். மூணு தடவ பூச வேணாம், ஒரு தடவ போதும்."

"ஒரு தடவையா?" என்றார் மாமா. வேலை மிச்சமாகும் என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது.

இன்னொருத்தியையும் சொல்லிவிடுகிறேன். வெண்மதி. சிதம்பரத்துப் பெண். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு பொருளின் சுவரை ஒட்டி இருக்கும் சோப்புத் தோல் எப்படி அசைகிறது, அதில் வேறு சரக்கைக் கலந்தால் அசைவு எப்படி மாறுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வெள்ளிக்கிழமைதோறும் வந்து அந்த டிரம்மிலிருந்து சின்னச் சின்னப் பாட்டில்களில் சோப்பு எடுத்து, நாளும் நேரமும் எழுதி ஒட்டிக்கொண்டு போவாள்.

"இதுக்கு ஒரு படிப்பா பாப்பா?" என்று பெரியநாயகி கேட்டபோது, "உங்களுக்கு ஏன் நல்லா வருதுன்னு எனக்குத் தெரியணும்மா. வேற ஏதாவது சேக்கறீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"நான் என்னத்தச் சேக்கப் போறேன்" என்று பெரியநாயகி தலையைத் திருப்பிக்கொண்டாள். அப்போது அந்தப் பெண்ணிடமாவது சொல்லியிருக்கலாம். எத்தனை இடத்தில் நாம் சொல்லியிருக்கலாம், சொல்லுங்கள்.

மாஸ்டர்களுக்கு முதல் பூச்சு ஒரு வெள்ளிக்கிழமை. பிரேம்நாத் ஏழரை மணிக்கே வந்து பொடியை டிரம்மில் கொட்டிக் கலக்கிவிட்டான். மூட்டையோடு வந்த தாளில் லிட்டருக்கு இத்தனை என்று அளவு இருந்தது. டிரம்மில் எத்தனை லிட்டர் என்று அவன் அளக்கவில்லை. கையால் அள்ளிப் போட்டான். எட்டு மணிக்கு வெண்மதி வந்து ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டாள். எட்டரைக்குப் பெரியநாயகி வந்தாள். பிரேம்நாத் டீ குடிக்கப் போயிருந்தான். பொடி போட்டது அவளுக்குத் தெரியாது. வழக்கம் போல அக்கம்பக்கம் பார்த்துச் சட்டியைச் சாய்த்தாள். பத்து மணிக்கு வெண்மதி இரண்டாவது பாட்டிலை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

மாதாவின் முகத்தில் முதல் பூச்சைப் போட்டதுமே பெரியநாயகிக்குத் தெரிந்துவிட்டது. சோப்பு நகரவில்லை. காய்ச்சிய பால் மேல் ஆடை நிற்பது போல நின்றது. ஸ்பாஞ்சால் துடைத்தால் ஓரம் சுருண்டது. நடு அப்படியே இருந்தது.

"சார், சோப்பு நவுரல."

"நவுரக் கூடாதுன்னுதான் பொடியே போட்டிருக்கு" என்றான் பிரேம்நாத்.

"என்னா பொடி?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது. பூசு."

"சார், நின்ன எடத்துல ஒட்டிக்கும் சார். நான் பாத்திருக்கேன். ஒரு மாட்டுக்கு மட்டும் ஊத்திப் பாப்போம். மாதா நாளைக்கு இருக்கட்டும்."

"பதினெட்டு வருஷமா பூசுறியே, உனக்கு ரசாயனம் தெரியுமா? பூசுன்னா பூசு."

ரசாயனம் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான்: இதில் அவளுடைய தண்ணீரும் கலந்திருக்கிறது. மேலே பேசினால், இன்னும் என்ன கலந்திருக்கிறது என்று கேள்வி வரும். வாசுகி அவளைப் பார்த்தாள். அவள் வாசுகியைப் பார்க்கவில்லை. பூசினாள். ஒரே பூச்சு. பதினொன்றுக்கும் பிளாஸ்டர் ஊற்றினார்கள்.

சனிக்கிழமை காலை பழமலை முதல் தட்டுத் தட்டினான். கழலவில்லை. இரண்டு தட்டினான். ஆப்பு வைத்து நெம்பினான். 'டக்' என்று ஒரு சத்தம். உள்ளே மாதாவின் முகம் பாதி மோல்டில், பாதி கழுத்தோடு. அடுத்தது சூசையப்பர், தாடி போயிற்று. மூன்று ராஜாக்களில் இருவருக்குத் தலை இல்லை. ஆறு மாஸ்டர் உடைந்தது. ஐந்து எப்படியோ தப்பியது.

வியாபாரி வந்து உடைந்த முகங்களைத் துணியில் அள்ளிக்கொண்டு போனார். வேலையும் அவரோடு போயிற்று. இராஜமாணிக்கம் டிரம் முன்னால் நின்று கத்தினார்.

"யாருடா இதுல என்ன கலந்தது?"

பிரேம்நாத் சொன்னான்: "என் பொடி சரியான அளவு மாமா. தாள் இருக்குது, பாருங்க. வேற யாரோ எதையோ கலந்திருக்காங்க. மோந்து பாருங்க, புளிப்பு வாட அடிக்குது."

அடித்தது. எல்லோருக்கும் அடித்தது. பதினாலு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"சொல்ல மாட்டீங்க. செரி. திங்கக்கெழம கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டுறேன். எல்லாரும் வரணும். அவரு கேட்டுக்குவாரு."

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. தூரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். விருத்தாசலத்தை அடுத்த மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. களவு போனவர்கள், ஏமாந்தவர்கள், பழி வாங்க வழியில்லாதவர்கள் அங்கே போய், ஸ்டேஷனில் எழுதுவது போலவே சாமிக்குப் புகார் எழுதுவார்கள். பேர், ஊர், என்ன நடந்தது, யார் மேல் சந்தேகம், எல்லாம் எழுதி, சாமி பாதத்தில் வைத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவார்கள். அதற்குப் பிராது என்று பெயர். தீர்ந்த பிறகு கட்டியவரே போய் வாபஸ் வாங்க வேண்டும். கோர்ட்டுக்குப் பயப்படாதவன்கூட அதற்குப் பயப்படுவான்.

பெரியநாயகிக்கு ஒரே மகள், அன்பரசி. கம்மாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தாள். ஏழாம் மாதம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க பெரியநாயகி அடுப்பு மூட்டவில்லை. பிராது கட்டினால் செய்தவளை மட்டும் பிடிக்குமா, வயிற்றில் இருப்பதையும் பிடிக்குமா என்று யாரிடம் கேட்பது?

திங்கட்கிழமை காலை கம்பெனி ஆட்கள் அத்தனை பேரையும் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வழியில் வாசுகி அவள் காதில் சொன்னாள்.

"யக்கா, வாய மூடிக்கிட்டு இரு. ஆறு வருஷமா ஊத்துன, ஒண்ணும் ஆவல. இப்ப மட்டும் எப்படி ஆவும்? அந்தப் பொடிதான்."

"பொடிதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. ஆனா உனக்கும் தெரியாதில்ல?"

"அதான்டி பயமா இருக்குது."

கோயிலில் மனு எழுதுகிறவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினார். இராஜமாணிக்கம் சொல்லச் சொல்ல, தாளில் எழுத்து ஏறிக்கொண்டே போனது. கம்பெனி பேர். தேதி. ஆறு உருவங்கள். "சோப்பில் கலப்படம் செய்து என் பிழைப்பைக் கெடுத்த..." என்று எழுதிவிட்டு, எழுதுகிறவர் நிமிர்ந்தார்.

"எதிரி பேரு?"

"தெரியாதுங்க. இன்னாருன்னு தெரியாத ஆளுன்னு போடுங்க."

பிரேம்நாத் தூணோரமாக நின்றான். அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பேரு இருக்குதுங்க" என்றாள் பெரியநாயகி. "எம் பேரப் போடுங்க. நான்தான் நீராகாரம் ஊத்துனேன். சாமிக்கு முன்னால பொய் சொல்ல மாட்டேன். எம் பொண்ண வுட்டுடச் சொல்லுங்க."

சுற்றி இருந்த வேறு பிராதுக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். ஆறு வருடக் கதையையும் அங்கேயே சொன்னாள். சட்டி, துணி, மூன்று நாள் புளிப்பு எல்லாம் சொன்னாள். பொடியைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. சாமி வாசலில் அடுத்தவன் மேல் சந்தேகத்தைப் போடுவது தவறு என்று நினைத்தாள்.

 இராஜமாணிக்கம் தாளை எழுதுகிறவர் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஆளு தெரிஞ்சுபோச்சு. இனிமே சாமிக்கு எதுக்கு வேல?" என்றார். பிறகு அவளிடம், "உன்னையப் போயி மேஸ்திரி ஆக்கலாம்னு இருந்தேன் பாரு. நாளைலேருந்து வர வேணாம்" என்றார்.

முதல் ஆளாகப் போய்ச் சிதறு தேங்காய் உடைத்தது பிரேம்நாத்.

அதன் பிறகு ஐந்து மாதம் பெரியநாயகி கரும்புக் கொல்லையில் களை எடுத்தாள். அன்பரசிக்கு ஐப்பசியில் ஆண் குழந்தை, சுகப்பிரசவம். தான் ஒத்துக்கொண்டதால்தான் சாமி விட்டுவிட்டார் என்று பெரியநாயகி நம்பினாள். அந்த நம்பிக்கையில் ஒரு நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதியாவது அவளுக்கு இருந்திருக்கலாம்.

பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் வெண்மதி அவள் வீடு தேடி வந்தாள். கம்பெனிக்குப் போய், வாசுகியிடம் விலாசம் வாங்கி, பஸ் பிடித்து வந்திருந்தாள். களைக்கொத்தோடு வந்த பெரியநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல? நீங்க கஞ்சித் தண்ணி ஊத்தினது பாட்டில மிஷின்ல வச்சதுமே தெரிஞ்சிடுச்சு."

"மிசினு காட்டிக் குடுத்துருச்சா" என்றாள் பெரியநாயகி.

"காட்டிக் குடுக்கலம்மா. காப்பாத்தியிருக்கு. கேளுங்க. சோப்புத் தண்ணிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத தோலு இருக்கு. வெங்காயத்துல இருக்கிற மாதிரி தோலு மேல தோலு. அது சும்மா இருக்காது, நெளிஞ்சுகிட்டே இருக்கும். நடுத் தண்ணியில ஒரு மாதிரி நெளியும், சுவரு ஓரத்துல, அதாவது மாஸ்டர் முகத்த ஒட்டுன எடத்துல, வேற மாதிரி. உங்க புளிச்ச கஞ்சியில குட்டிக் குட்டி நூலு மாதிரி ஒண்ணு இருக்கு. புளிக்கப் புளிக்க அது இன்னும் துண்டாவுது. அது தோலுக்கு நடுவுல பூந்து, சுவத்தோரமா ஒண்ணு மேல ஒண்ணு வழுக்க வுடுது. அதனாலதான் உங்களுக்கு நல்லா வந்திச்சு."

"அப்ப அந்தப் பொடி?"

"அதுல இருக்கிறது நீள நூலு. அதையும் ஏகத்துக்குப் போட்டிருக்காங்க. அது ரெண்டு தோலையும் சேத்துத் தச்சுடுது. நெளிய முடியாது, நகர முடியாது. எட்டு மணிக்கு நான் எடுத்த பாட்டில்ல பொடி மட்டும்தான் இருக்கு. நீங்க அப்ப வரவே இல்ல. அதுவே நகரலம்மா."

பெரியநாயகி வாசற்படியில் உட்கார்ந்தாள். "பத்து மணிப் பாட்டிலு?"

"அது கொஞ்சம் தேவலாம். நீங்க ஊத்தினதாலதான் அஞ்சு மாஸ்டராவது தப்பிச்சிருக்கும்னு நான் நினைக்கிறேன்."

பெரியநாயகி கேட்டது இதுதான்: "அப்ப நான் எதுக்கு பாப்பா ஒத்துக்கிட்டேன்?"



மறுநாள் இருவரும் கம்பெனிக்குப் போனார்கள். வெண்மதி தாள்களை விரித்து வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். இராஜமாணிக்கம் முட்டாள் இல்லை. கேட்டார், மறுபடி ஒருமுறை கேட்டார், புரிந்துகொண்டார். நாற்காலியில் சாய்ந்தார்.

"செரிம்மா. பொடிதான். நான் இல்லங்கல."

"அப்ப எல்லாரையும் வச்சுக்கிட்டு அதச் சொல்லுங்க சார்" என்றாள் வெண்மதி.

"எப்படிச் சொல்றது? நாகப்பட்டினத்துக்காரருகிட்ட, கொளஞ்சியப்பர் வாசல்ல ஆளே ஒத்துக்கிச்சுன்னு சொல்லித்தான் கோவத்த ஆத்தியிருக்கேன். இப்பப் போயி, எங்க அக்கா மவன்தான், அந்தப் பொம்பள இல்லன்னு சொன்னா, என்ன மனுசன்னு நெனைப்பாரு? எங்க அக்கா என் வூட்டு வாசப்படி மிதிக்குமா?"

"முதலாளி" என்றாள் பெரியநாயகி. "பிராத வாபஸ் வாங்கிட்டா போதும். வேற ஒண்ணும் கேக்கல. அந்த வாசல்லயே போயி, இவ இல்லன்னு ஒரு வார்த்த."

இராஜமாணிக்கம் அவளை ஒரு மாதிரி இரக்கத்தோடு பார்த்தார். அந்த இரக்கத்தைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"நாம பிராதே கட்டலியே பெரியநாயகி. தாளத்தான் மடிச்சு எடுத்தாந்துட்டேன். கட்டாத பிராத எப்படி வாபஸ் வாங்குறது? யாரும் உன் மேல எழுதல. நீயா சொன்ன." பிறகு குரலை இறக்கினார். "நீ திரும்ப வா. சோப்புக்கு. உன் கை இல்லாம பாதி மோல்டு கழிவாப் போவுது. மேஸ்திரிதான், பிரேமுக்குக் குடுத்துட்டேன். நீ உன் வேலையப் பாரு."

வெண்மதி தன் கட்டுரையில் பெரியநாயகியின் பெயரைப் போட, கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்றாள். அவர் தரவில்லை. கட்டுரையில், உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் கிடைத்த மாதிரி என்று மட்டும் வந்தது. அவள் அதைச் சொல்லிப் போனில் அழுதாள். அந்தப் பெண்ணைக் குறை சொல்லாதீர்கள். அவளுக்கும் மேலே ஆட்கள் இருக்கிறார்கள்.

பெரியநாயகி வேலைக்குத் திரும்பிப் போனாள். போகாமல் என்ன செய்வது? களை எடுக்கும் பருவம் முடிந்துவிட்டது. ஷெட்டில் பிரேம்நாத்துக்கு மேஜை போட்டிருந்தார்கள். சுவரில் இருந்த எழுத்துக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். இந்த முறை ஊதுபத்தி நிறுத்தும் யானை. அவள் சோப்பைக் கரைத்தாள், மூன்று முறை பூசினாள், மூன்று முறை துடைத்தாள். ஏழு மோல்டில் மூன்று ஒட்டிக்கொண்டது. மறுநாளும் மூன்று.

மூன்றாம் நாள் பிரேம்நாத் டிரம் பக்கம் வந்தான். சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான்.

"ஏம்மா, அது ஊத்தலயா?"

"எது சார்?"

"அதான். கஞ்சித் தண்ணி."

"செவுத்துல போட்டிருக்குதே சார், கலக்கக் கூடாதுன்னு."

"பரவால்ல, நான் சொல்றேன். ஊத்து. எத்தன நாளு புளிக்கணும்?"

"நீங்க சொன்னா ஊத்துறேன் சார். மேஸ்திரி நீங்க. ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. சோப்புல நீராகாரம் ஊத்தணும், அதனால மோல்டு கெடாதுன்னு எழுதி, கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நாளைக்கே ஊத்துறேன்."

பிரேம்நாத் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். எடுத்துவிட்டான், கண்ணுகளா, நானும் ஒரு நிமிடம் நம்பினேன். மேஜையிலிருந்து தாளையும் எடுத்தான். முதல் வரியை எழுதப் போனவன் நிறுத்தினான். அந்த ஒரு வரியில் ஆறு மாஸ்டரும் யார் கணக்கில் போய் நிற்கும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். பேனாவை மூடினான்.

"தாளெல்லாம் எதுக்கு? வாயால சொன்னா பத்தாதா?"

"வாயால சொன்ன எம் பாடு என்னாச்சுன்னு பாத்தீங்கல்ல சார்."

அவன் போய்விட்டான். வாசுகி சீவுகத்தியைக் கீழே வைத்தாள்.

"என்னாத்துக்குக்கா இந்த வீம்பு? ஒரு டம்ளர் ஊத்திட்டுப் போயேன். ஒட்டுனா உனக்குத்தான் கெட்ட பேரு."

"ஊத்தி நல்லா வந்தா அவரு பேரு. ஊத்தி ஒண்ணு ஒட்டுனா எம் பேரு. ஊத்தாம ஒட்டுனா யாரு பேருன்னு பாப்போம்டி."

"உனக்கு மனசு ஆறுதா?"

பெரியநாயகி டிரம் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆறவில்லை. பிரஷ்ஷை எடுக்கும்போதே எந்த யானை ஒட்டப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. தும்பிக்கை வளைவில் சோப்பு போய்க் கூடுவதைப் பார்த்தாள். அங்கே என்ன வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். பதினெட்டு வருடத்தில் கெட்ட மோல்டு ஒன்றைத் தெரிந்தே அவள் விட்டதில்லை. இப்போது தினம் மூன்று விட்டாள். ஒவ்வொரு முறை பழமலை சுத்தியைத் தூக்கும்போதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சத்தத்தை வைத்தே எது போயிற்று என்று தெரிந்துகொண்டாள்.

"யக்கா, இதுவும் போச்சு" என்றான் பழமலை, தும்பிக்கை இல்லாத யானையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து. "என்னக்கா, கை போயிடுச்சா உனக்கு?"

"போயிடுச்சுப்பா" என்றாள் பெரியநாயகி. "அடுத்தத எடு."